‘பிரீஃபா சொல்லுங்க’ என்றால் நீட்டி முழக்குவது அல்ல

கல்லூரி மாணவர்களை இன்டர்வியூவுக்குத் தயார் செய்வது என் தொழில். போன வாரம் இறுதியாண்டு மாணவி ஒருவரிடம் அவருடைய ப்ராஜெக்ட் பற்றி ‘பிரீஃப்லி’ சொல்லும்படி ஆங்கிலத்தில் கேட்டேன். சென்சாரை எந்தக் கடையில் வாங்கினார் என்பதில் தொடங்கினார். ஆறாவது நிமிடத்தில், சர்க்யூட் வரைந்து காட்ட என்னிடமே பேனா கேட்டார். நிறுத்தினேன். “நீங்கதானே மேடம் பிரீஃபா சொல்லச் சொன்னீங்க?” என்றார். அந்த வாரத்தில் அவர் நான்காவது ஆள்.

பிரீஃப் என்றால் சுருக்கம். சுருக்கம் மட்டும்தான். ‘ஒண்ணும் புரியல, கொஞ்சம் பிரீஃபா சொல்லுங்க’ என்று பேசிப் பேசி, அந்தச் சொல்லுக்கு நேர் எதிரான பொருளை நாமே ஏற்றிவிட்டோம். அதன் மூலமான ‘ப்ரெவிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கே குறுகியது என்றுதான் பொருள். அப்ரிவியேஷனும் அதே வேரிலிருந்து வந்ததுதான்.

உடனே ஒரு கேள்வி வரும்: ஆபீஸில் ‘பிரீஃபிங்’ ஒரு மணி நேரம் நடக்கிறதே, வக்கீலின் பிரீஃப் கட்டுக்கட்டாக இருக்கிறதே? வேலையில் இறங்கும் முன் தெரிய வேண்டியதை மட்டும் சொல்லி அனுப்புவதுதான் பிரீஃபிங். இங்கிலாந்தில் கோர்ட்டில் வாதாடப் போகும் பாரிஸ்டருக்கு, கட்சிக்காரரிடம் பேசி வழக்கைத் தயார் செய்யும் வக்கீலான சொலிசிட்டர் அதன் சாரத்தைத் தொகுத்துக் கொடுப்பது பிரீஃப். அதை எடுத்துப்போகும் பெட்டி பிரீஃப்கேஸ் ஆனது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு தரப்பின் முதன்மை பிரீஃப் 13,000 சொல் வரை போகலாம். வழக்கின் மொத்த ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் அதுவும் சுருக்கம்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கேள்வியில் ‘பிரீஃப்லி’ காதில் விழுந்தால் ஒரு நிமிடம்தான் உங்களுக்கு. என்ன செய்தீர்கள், எதற்காக, என்ன பலன். நிறுத்திவிடுங்கள். மேலே வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள். உங்களுக்கு விவரம் தேவையா? ‘இன் டீட்டெய்ல்’ என்று கேளுங்கள். என்னிடம் படித்த ஒருவர் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘பிரீஃப்லி’ விளக்கும்படி மெயில் போட்டுவிட்டு, இரண்டே வரியில் பதில் வந்ததும் அவமதித்துவிட்டார்கள் என்று கொதித்தார். அவர்கள் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆசிரியர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ‘பிரீஃபா எழுது, அப்பதான் ஃபுல் மார்க்’ என்று வகுப்பில் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே இன்டர்வியூ வரைக்கும் கொண்டுவருகிறார்கள்.

அந்த மாணவியை மறுபடி சொல்ல வைத்தேன். 50 விநாடி ஆனது. மண்ணில் ஈரம் போதுமென்றால் மோட்டாரைத் தானாகவே நிறுத்தும் கருவி. அதை ஏன் செய்தார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: அவர் அப்பா ராத்திரியில் எழுந்து வயலுக்குப் போக வேண்டியிருக்காது.