வரைபடத்து வட்டமும் வாசலிலிருந்து நடக்கும் தூரமும்

பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும் மறுமேம்பாட்டுத் திட்டம் ஒன்று கைக்கு வந்தால், அருகில் அமையவிருக்கும் ரயில் நிலையத்தை மையமாக வைத்து 500 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுவதுதான் நகரத் திட்டமிடுவோரின் முதல் வேலையாக இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் அடங்கும் மனைகளெல்லாம் நடந்தே ரயிலேறும் தொலைவில் இருப்பதாகக் கருதப்பட்டு, அதைக் காரணம் காட்டியே கூடுதல் மாடிகளும் கேட்கப்படுகின்றன. தென்சென்னையில் ஒரு வளாகத்துக்கு நானும் அப்படித்தான் வட்டம் போட்டேன். பிறகு நேரில் நடந்து அளந்தபோது, தாளில் 400 மீட்டராக இருந்த தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது. குறுக்கே ஒரு நீண்ட சுற்றுச்சுவரும், அதற்கப்பால் பாலமில்லாத கால்வாயும் இருந்தன.

சென்னையின் பறக்கும் ரயில் இதற்குக் கண்ணெதிரே நிற்கும் சான்று. 1995-இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே தொடங்கி, 1997-இல் திருமயிலைக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் நீண்ட அந்தப் பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே செல்கிறது. தனியார் நிலத்தை அதிகம் கையகப்படுத்தாமல் பாதை போட முடிந்தது உண்மைதான். ஆனால் கால்வாய்க்கு மறுகரையில் வசிப்பவருக்கு நிலையம் கண்ணில் படுமே தவிரக் காலுக்கு எட்டாது. வணிக வளாகங்களாகும் என்ற எண்ணத்தில் எழுப்பப்பட்ட பிரம்மாண்டமான நிலையக் கட்டடங்களில் பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன. ஆள் நடமாட்டமில்லாத அந்தப் படிக்கட்டுகளில் இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக ஏற எத்தனை பெண்கள் துணிவார்கள் என்பதைத் திட்ட அறிக்கை எதுவும் கணக்கிடுவதில்லை. கட்டடத்தின் அளவைக் கூட்டுவதைவிட ஒரு நடைபாலத்தைக் கூட்டியிருந்தால் பயணிகள் கூடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இணைப்பு அறுந்து நிற்பதன் விலையும் பெரிது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான சுமார் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, ஆதம்பாக்கம் பகுதியில் எழுந்த நிலச் சிக்கலால் 15 ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்டது. புறநகர் ரயிலும் பின்னர் மெட்ரோவும் பரங்கிமலையில் கூடும் நிலையில், பறக்கும் ரயில் மட்டும் வேளச்சேரியிலேயே நின்றுவிட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபோதும், அதன் எதிரே செல்லும் தண்டவாளத்தில் ரயில் நிற்க ஒரு நிலையம் அமைந்திருக்கவில்லை. வெளியூர்ப் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய் ரயிலேற வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. கால்வாய்க் கரைகள் முதலான இடங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் தென்சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டன. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வீட்டு வேலை பார்த்தவர்கள் விடியலிலேயே பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. அந்தச் சாலை வழியாக மாதவரத்தையும் சிறுசேரி சிப்காட்டையும் இணைக்கும் பாதை, இரண்டாம் கட்ட மெட்ரோவின் மூன்று வழித்தடங்களில் ஒன்றாகத்தான் திட்டமிடப்பட்டது. வீடு முதலில், ரயில் கால் நூற்றாண்டு கழித்து என்ற இந்த வரிசையை மறுமேம்பாடு என்று எப்படி அழைப்பது?

பாதை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே நிலத்தின் மதிப்பு ஏறத் தொடங்கிவிடும். முதல் ரயில் ஓடுவதற்குள் வாடகைக்கு இருந்தவர்கள் வேறிடம் போயிருப்பார்கள். எனவே உங்கள் பகுதிக்கான திட்ட வரைவு மக்கள் கருத்துக்காக வைக்கப்படும்போது, வட்டம் போட்ட படத்தோடு திருப்தி அடையாதீர்கள். ஒவ்வொரு வாசலிலிருந்தும் நடைமேடை வரை உண்மையாக நடக்கும் வழியைக் குறித்த படத்தைக் கேளுங்கள். எந்தச் சுவரில் வழி திறக்கப்படும், கால்வாய்க்கு மேல் நடைபாலத்தைக் கட்டுவது மாநகராட்சியா, ரயில்வேயா, கட்டுமான நிறுவனமா, அதற்கான தொகை எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இப்போது வாடகைக்கு இருப்போருக்கு எத்தனை வீடுகள் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆட்சேபம் தெரிவிப்பதற்கான கடைசி நாள் அறிவிப்பிலேயே இருக்கும். அதற்குள் கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.