பருப்புத் தண்ணீர் சாப்பாடு ஆகாது

போன வாரம் மட்டும் மூன்று குழந்தைகள். மூவரும் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு வந்தவர்கள். மூவருக்கும் ஆறாம் மாதம் வரை நன்றாக ஏறிவந்த எடை, அதற்கப்புறம் நின்றுபோயிருந்தது. மூன்று வீட்டிலும் காரணம் ஒன்றுதான். இதை ஒவ்வோர் அம்மாவிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மூவரில் ஒரு பெண் குழந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிறந்தபோது 2.9 கிலோ. ஆறாம் மாதம் 6.7. ஒன்பதாம் மாதம் 6.8. மூன்று மாதத்தில் 100 கிராம். அந்த வயதில் கிட்டத்தட்ட 900 கிராம் ஏறியிருக்க வேண்டும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஹீமோகுளோபின் 7.6, ரத்தசோகை. "என்னம்மா கொடுக்கிறீங்க பாப்பாவுக்கு?" என்றேன். "நாலு வேளையும் கரெக்டா கொடுக்கிறேன் டாக்டர். காலையில ராகிப் பால், மத்தியானம் பருப்புத் தண்ணி, சாயங்காலம் ஆப்பிள் ஜூஸ், ராத்திரி ரசத் தெளிவுல ரெண்டு பருக்கை சாதம் கரைச்சு" என்றார். கூட வந்த பாட்டி, "ஒரு வேளைகூடத் தவறினதில்ல டாக்டர், நான்தான் ஊட்டுறேன்" என்றார்.

பாட்டி சொன்னது உண்மை. அந்தக் குழந்தையை யாரும் கவனிக்காமல் விடவில்லை. கிண்ணம் வேளாவேளைக்கு வந்திருக்கிறது, கிண்ணத்தில் சாப்பாடு மட்டும் வரவில்லை.

பருப்பு வெந்த தண்ணீரில் சத்தெல்லாம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியாது. படித்தவர், படிக்காதவர், நகரம், கிராமம் என்ற வித்தியாசமே இதில் இல்லை. நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள். ஒரு கைப்பிடி துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் பருப்பு தங்கும். மேலே மஞ்சளாகத் தெளிவு நிற்கும். நாம் அந்தத் தெளிவைக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு, அடியில் இருப்பதை நம் சோற்றில் போட்டு நெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறோம். புரதம் அடியில், இரும்புச்சத்து அடியில், வயிற்றைத் தாங்குகிற மாவுச்சத்து அடியில். மேலே இருப்பது மஞ்சள் தூளின் நிறமும் பருப்பின் வாசனையும் கொஞ்சம் உப்புகளும்தான். இதே கணக்கு காய்கறி வேகவைத்த தண்ணீருக்கும் கஞ்சித் தெளிவுக்கும் ரசத்துக்கும் சூப்புக்கும் பொருந்தும். ஆட்டுக்கால் சூப்பில் எலும்பின் கால்சியம் எல்லாம் கரைந்து வந்துவிடாது. காலில் ஒட்டியிருக்கும் கறியை மசித்துக் கொடுத்தால் அது சாப்பாடு.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. குழந்தையின் இரைப்பை, எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி பிடிக்கும். ஏழு கிலோ குழந்தை என்றால் 200 மில்லி, ஒரு டம்ளர். அந்த டம்ளரைத் தண்ணீரால் நிரப்பினால் குழந்தை அழாது, தூங்கும், தாய்ப்பாலும் கேட்காது. "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று வீட்டில் திருப்தி. ஆனால் 100 மில்லி தாய்ப்பாலில் ஏறக்குறைய 65 கலோரி இருக்கிறது. பருப்புத் தண்ணீர் அதன் பக்கத்தில்கூட வராது. கூடுதலாகக் கொடுப்பதாக நினைத்து, இருந்ததையும் பிடுங்கிவிடுகிறோம். ஆறாம் மாதம் வரை தாய்ப்பாலில் மட்டும் தளதளவென்று இருந்த குழந்தை சோறூட்டத் தொடங்கியதும் இளைப்பது இதனால்தான். "பல் முளைக்குது, அதான் எடை ஏறல" என்பார்கள். பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு 200 கலோரி வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை 300. ஒரு வயதுக்கு மேல் 550. பயப்பட வேண்டாம், பெரிய கணக்கு இல்லை. ஒரு டீஸ்பூன் நெய்யிலேயே 45 கலோரி இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் குழைந்த சோறு, கெட்டிப் பருப்பு, ஒரு ஸ்பூன் நெய். இதை இரண்டு மூன்று வேளை கொடுத்தால் 200 தானாக வந்துவிடும். கெட்டி என்றால் எவ்வளவு கெட்டி? இட்லி மாவுப் பதம். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் ஓடக் கூடாது, ஒட்டி நின்று மெதுவாக விழ வேண்டும். பால் புட்டியின் நிப்பிள் ஓட்டையைப் பிளேடால் பெரிதாக்கிக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். புட்டியில் இறங்குகிற எதுவும் இந்த வயதுக்குச் சாப்பாடு இல்லை. தயவுசெய்து புட்டியைத் தூக்கிப் போடுங்கள்.

கஞ்சி ரொம்பக் கெட்டியாகிவிட்டது, குழந்தை விழுங்கக் கஷ்டப்படுகிறது என்றால் தண்ணீர் விட்டு இளக்காதீர்கள். முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகி மாவோ கம்பு மாவோ ஒரு ஸ்பூன் வைத்திருங்கள். கஞ்சியை இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் அதைத் தூவிக் கலக்குங்கள். முளைவிட்ட தானியத்தில் இருக்கும் நொதி, கெட்டியை இளக்கிவிடும். பிறகு இன்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சத்து குறையாமல் பதம் மட்டும் மாறும். ராகியைத் துணியில் வடிகட்டிப் பால் எடுப்பது முதல் சில நாளைக்குச் சரி. மூன்று மாதம் அதையே கொடுப்பதுதான் தவறு.

"செரிக்காது டாக்டர்" என்பது அடுத்த வாதம். ஆறு மாதம் முடிந்த குழந்தையின் குடல் சோறு, பருப்பு, நெய், முட்டை, மீன் எல்லாவற்றையும் செரிக்கும். மலத்தில் கேரட் துண்டு அப்படியே வருகிறதே என்று டயப்பரைப் போட்டோ எடுத்துக் காட்டுகிறார்கள். வரட்டும். அது அஜீரணமும் இல்லை, மாந்தமும் இல்லை. இன்னும் மென்று பழகாத வாய் அது, அவ்வளவுதான்.

எப்போது தொடங்குவது? ஆறு மாதம் முடிந்ததும், அதாவது 180 நாள் ஆனதும். நாம் சாப்பிடும்போது குழந்தை வாயைப் பார்க்கிறது என்று நாலாம் மாதமே இட்லி ஊட்டாதீர்கள். எல்லாவற்றையும்தான் அது பார்க்கும். இன்னொரு பக்கம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று ஐந்திலேயே தொடங்கிவிடுகிறார்கள், ஐந்து தப்பினால் ஏழு வரை காத்திருக்கிறார்கள். கோயிலில் சோறூட்டும் சடங்கை உங்களுக்கு எப்போது தோதோ அப்போது வையுங்கள். வீட்டில் தினமும் ஊட்டுவதற்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பல் முளைக்கும் வரையும் காத்திருக்க வேண்டாம், ஈறே நன்றாக மசிக்கும்.

அவசரத்துக்குக் காரணம் இரும்புச்சத்து. வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து சேர்த்துக்கொண்டு வந்த இரும்பு ஆறாம் மாதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அப்புறம் உணவிலிருந்துதான் வர வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய சுற்றில் 50.7. குறைய வேண்டியது கூடியிருக்கிறது. இத்தனை மருத்துவமனைகளும் அங்கன்வாடிகளும் இருக்கிற மாநிலத்தில்! இந்த எண்ணை நான் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. ரத்தசோகை என்பது வெளுத்த முகத்தோடு முடிகிற விஷயம் இல்லை, மூளை வேகமாக வளர்கிற வயது இது.

அரசு கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பை வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். வாரம் இரண்டு நாள், ஒரு மில்லி. ஏற்கெனவே ரத்தசோகை இருக்கும் குழந்தைக்கு அளவு வேறு, அதை டாக்டர் எழுதித் தருவார். சிரப் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்த வேண்டாம். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் சோறூட்டத் தொடங்கிய முதல் மாதத்திலேயே கொடுக்கலாம்: முழுதாக வெந்த முட்டை, முள் எடுத்த மீன், நன்றாக மசித்த கறி. சுவரொட்டியும் ஈரலும் ரத்தத்துக்கு நல்லது என்று பாட்டிகள் சொல்வது முழுக்கச் சரி. வாரம் ஒரு முறை, ஒன்றிரண்டு ஸ்பூன் போதும். சைவ வீடுகளில் பருப்பு, பயறு, முருங்கைக்கீரை கொடுங்கள். கூடவே கொஞ்சம் எலுமிச்சையோ தக்காளியோ நெல்லிக்காயோ இருக்கட்டும், அப்போதுதான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். டீ மட்டும் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், பிஸ்கட்டைத் தொட்டுக் கொடுப்பதும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டீ இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது, பிஸ்கட்டில் மைதாவையும் சர்க்கரையையும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை.

முட்டையில் மஞ்சள் கரு மட்டும், வெள்ளை ஒரு வயதுக்கப்புறம் என்ற பழைய அறிவுரையை நாங்களே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறோம். இப்போது அது இல்லை. ஒவ்வாமை வரும் என்று முட்டை, வேர்க்கடலை போன்றவற்றைத் தள்ளிப்போடுவதால் பயனில்லை. லண்டனில் நடந்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே வேர்க்கடலை கொடுத்ததில் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. தோலில் கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றால் மட்டும் முதலில் டாக்டரைக் கேளுங்கள். கடலையை நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்துதான் கொடுக்க வேண்டும். முழுக்கடலை, பட்டாணி, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை இதெல்லாம் கைக்கே எட்டக் கூடாது, ஐந்து வயது வரை. மூச்சுக்குழாயிலிருந்து கடலை எடுத்த குழந்தைகளைப் பார்த்தவள் சொல்கிறேன். முப்பது பொருள் போட்டு அரைத்த சத்துமாவோடு முதல் நாளே தொடங்காதீர்கள், தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பொருளை இரண்டு மூன்று நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள். பழகிய பிறகு அங்கன்வாடியில் தரும் சத்துமாவைத் தாராளமாகக் கொடுக்கலாம், அதைக் கெட்டியாகக் கிண்டிக் கொடுங்கள்.

ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். கருப்பட்டி, பனங்கற்கண்டு, வெல்லம் எல்லாம் சர்க்கரைதான். உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும் என்பது நம் நாக்கின் கவலை. தேன் கூடவே கூடாது, பிறந்ததும் நாக்கில் சேனை வைக்கிற வழக்கத்துக்காகக்கூட. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைத்து மூச்சையே நிறுத்திவிடும். பசும்பால், பாக்கெட் பால் குடிக்கக் கொடுப்பதும் ஒரு வயதுக்கப்புறம்தான். தயிர் சேர்க்கலாம், வாழைப்பழமும் சேர்க்கலாம். இரண்டுமே சளி பிடிக்க வைக்காது.

மிக்ஸியை எட்டாம் மாதத்தில் ஓரம் வையுங்கள். கையால் மசியுங்கள், கொஞ்சம் பருக்கை தட்டுப்படட்டும். ஒன்பது பத்து மாதத்தில் மெதுவான இட்லித் துண்டு, வெந்த கேரட், பழத் துண்டைக் கையில் கொடுங்கள். ஒன்றரை வயதிலும் ஒரு பருக்கை பட்டால் ஓக்களிக்கிற குழந்தைகள் வருகிறார்கள், எல்லோருக்கும் மிக்ஸிச் சோறு. அந்த வயதில் பழக்குவது அம்மாவுக்கும் குழந்தைக்கும் பெரும் பாடு. பழகும்போது குழந்தை ஓக்களிக்கும், இருமும், முகம் சிவக்கும். சத்தம் வருகிற வரை பொறுமையாக உட்காருங்கள், அதுவே வெளியே தள்ளிவிடும். சத்தமே இல்லாமல் திணறினால்தான் ஆபத்து. உடனே முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள், கூட இருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். படுக்கவைத்து ஊட்டவே ஊட்டாதீர்கள்.

ஊட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றாதீர்கள். செல்போனில் பாட்டு ஓடவிட்டு, அது வாய் பிளக்கிற நேரம் பார்த்துத் திணிக்காதீர்கள். நாக்கால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, இன்னும் விழுங்கத் தெரியவில்லை. ஒரு புதுச் சுவை பழக எட்டுப் பத்து முறைகூட ஆகும். தலையைத் திருப்பிக்கொண்டால் அந்த வேளைக்குப் போதும், கிண்ணத்தை எடுத்து வையுங்கள். காய்ச்சலோ பேதியோ வந்தால் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், குணமான பின் இரண்டு வாரம் வரை தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரட்டும்.

அந்தப் பெண் குழந்தைக்கு மருந்து எழுதிய பிறகு, பாட்டியை உட்காரவைத்து ஒரு கிண்ணத்தில் சோறு, பருப்பு, நெய் போட்டுப் பிசைந்து காட்டினேன். "இவ்ளோ கெட்டியாவா?" என்று இரண்டு முறை கேட்டார். அங்கேயே ஒரு வாய் ஊட்டச் சொன்னேன். குழந்தை பாதியைத் துப்பியது, மீதியை விழுங்கியது, மறுபடி வாயைத் திறந்தது. இரண்டு வாரம் கழித்து எடை பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் அடுத்த முறை தடுப்பூசிக்கு வரும்போது, ஊட்டுகிற கிண்ணத்தையும் ஸ்பூனையும் அன்றைய சாப்பாட்டோடு எடுத்து வாருங்கள், உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் பாட்டியையும் கூட்டி வாருங்கள். பல வீடுகளில் ஊட்டுவது அவர்கள்தானே.