மாக்மாவின் நகர்வைக் காட்டும் தொலைபேசிக் கேபிள்

2023 நவம்பர் 10 அன்று இரவு, ஐஸ்லாந்தின் தென்மேற்கில் உள்ள கிரிண்டாவிக் என்னும் மீனவ ஊரிலிருந்து ஏறத்தாழ 3,800 பேர் வெளியேற்றப்பட்டனர். நிலத்தடிப் பாறையைப் பிளந்துகொண்டு, செங்குத்தாக நிறுத்திய தகடு போல மாக்மா என்னும் உருகிய பாறைக் குழம்பு ஊருக்கு அடியிலேயே நுழைந்திருந்தது. அதையடுத்து அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்பகுதியில் ஏற்கெனவே புதைக்கப்பட்டிருந்த சுமார் 100 கிலோமீட்டர் நீளத் தகவல்தொடர்புக் கேபிளின் முனையில் லேசர் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். புதிதாகக் குழி தோண்டவோ கேபிள் இழுக்கவோ தேவை இருக்கவில்லை.

கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் விட்டம் 125 மைக்ரான், தலைமுடியின் பருமன்தான். எவ்வளவு தூய கண்ணாடியாக இருந்தாலும் அதன் அடர்த்தியில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் இருக்கும். லேசர் துடிப்பு அவற்றைக் கடக்கும்போது ஒளியின் மிகச் சிறு பங்கு சிதறி, வந்த வழியே திரும்புகிறது. தொலைத்தொடர்புப் பொறியாளருக்கு இந்தச் சிதறல் வெறும் இழப்பு. நில அளவை செய்பவருக்கோ அதுவே மூலதனம். கண்ணாடியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு அது எந்த இடத்தில் சிதறியது என்று கணக்கிடலாம். அந்த இடத்தில் நிலம் இழுபட்டால் இழையும் உடன் நீண்டு, திரும்பும் ஒளி அலையின் கட்டம், அதாவது அதன் ஏற்ற இறக்க நிலை, மாறும். ஒரு மீட்டர் நீளம் ஒரு நானோமீட்டர் அளவு நீண்டாலும் அந்த மாற்றத்தை அறிய முடிகிறது. இவ்வாறு ஒரே கேபிள், திரிபை, அதாவது நிலம் நீள்வதையும் சுருங்குவதையும், அளக்கும் பல ஆயிரம் திரிபுமானிகளை வரிசையாகப் புதைத்தது போன்ற வேலையைச் செய்கிறது.

மாக்மா மேலெழும்போது பிளவை ஒட்டிய நிலம் இழுபடும். தொலைவில் உள்ள நிலம் அழுந்தும். கேபிளின் எந்தப் பகுதி நீள்கிறது, எந்தப் பகுதி சுருங்குகிறது என்ற வரைபடத்திலிருந்து, மாக்மா எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் நகர்கிறது என்பதை நிமிடக் கணக்கில் பின்தொடரலாம். ஜிபிஎஸ் கருவிகளும் நிலநகர்வை அளக்கின்றன. ஆனால் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பவை, மில்லிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் நீண்ட நேரப் பதிவுகளைச் சராசரி எடுக்க வேண்டியவை.

இம்முறையிலும் சிக்கல்கள் உண்டு. இழை தன் நீளத்தின் திசையில் ஏற்படும் திரிபை மட்டுமே உணரும். குறுக்காக நேரும் அசைவுகள் பெரும்பாலும் தப்பிவிடும். வெப்பநிலை அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே அது பல நானோமீட்டர் நீட்சியைப் போலத் தோற்றம் காட்டும். மண்ணுக்குள் வெப்பம் மெதுவாகவே மாறும், மாக்மாவோ சில நிமிடங்களில் பாயும். அந்த வேக வேறுபாடுதான் இரண்டையும் பிரித்தறிய உதவுகிறது.

கிரிண்டாவிக் அருகே இந்தக் கேபிள் ஒன்பது மாக்மா ஊடுருவல்களைப் பதிவு செய்தது. அவற்றில் ஆறு, நிலம் பிளந்து எரிகுழம்பு வெளிவருவதில் முடிந்தன. மற்றவை நிலத்தடியிலேயே நின்றுவிட்டன. மாக்மா புறப்பட்டுவிட்டது என்று சொல்வதைவிட, அது மேலே வந்து சேருமா என்று சொல்வதுதான் கடினம். 2024 மார்ச் 2 அன்று ஓர் ஊடுருவல் தொடங்கியதும் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அன்று எரிகுழம்பு மேலே வரவில்லை. அடுத்த வெடிப்பு மார்ச் 16 அன்று இரவு நிகழ்ந்தது.