அறிவியல் தத்துவக் கட்டுரைக்கு இதழ் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

பல்கலைக்கழக நூலகத்தில் ஆராய்ச்சி உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேதியியல், உயிர்த்தொழில்நுட்ப மாணவர்கள். தத்துவத் துறையிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்தாலே அதிகம். 2024 மத்தியில் அப்படி ஒரு மாணவி வந்தார். விஞ்ஞானிகளின் முடிவுகளில் அறம் சார்ந்த மதிப்பீடுகளுக்கு இடம் உண்டா என்பது அவருடைய ஆய்வு. கையில் ஒரு பிரிண்ட் அவுட். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளம் இதழ்களுக்குப் போடும் சைட்ஸ்கோர் மதிப்பெண் வரிசைப்படி தத்துவ இதழ்களை அடுக்கிய பட்டியல், மேலே இருந்த மூன்று நான்கு பெயர்கள் மீது மஞ்சள் ஹைலைட்டர்.

“சார், இதெல்லாம் டாப் டென்ல இருக்கு. எதுக்கு அனுப்பலாம்?”

“முதல்ல உள்ளே என்ன இருக்குன்னு பாப்போம்மா” என்று, கோடு போட்டிருந்த ஒரு இதழின் பொருளடக்கத்தைத் திறந்தேன். பெயரில் தத்துவம் இருந்தது. உள்ளே ஸ்மார்ட் தொழிற்சாலை, பிக் டேட்டா, இன்டர்நெட் ஆஃப் திங்ஸ். அவர் ஐந்து வருடமாகப் படித்துவரும் ஒரு ஆசிரியர் பெயர்கூட அங்கே இல்லை. “இவங்க யாரு சார்?” என்றார். எனக்கும் தெரியவில்லை.

அதே வருடம் போலந்தின் கிராக்கோவிலுள்ள யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத் தத்துவ ஆய்வாளர்கள் இருவர் இந்த விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். ஸ்கோபஸ் தத்துவப் பட்டியலின் முதல் பத்தில் மூன்று இதழ்கள் ஒரே பதிப்பகத்துடையவையாக இருந்தன. அவற்றுக்கு வந்த மேற்கோள்களில், அதாவது அவற்றின் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் குறிப்பிட்டதில், பெரும்பங்கு அதே பதிப்பகத்தின் இதழ்களிலிருந்தே வந்தது. நம் ஊர் மொய்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் மொய் வைத்துக்கொண்டால் நோட்டில் தொகை ஏறும், வெளியிலிருந்து ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. நான்கு வருட மேற்கோள்களை அதே நான்கு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பதுதான் சைட்ஸ்கோர். மொய் யார் வைத்தது என்று அது கேட்காது.

இது தத்துவத்தில் இவ்வளவு சுலபமாக நடந்ததற்குக் காரணம் உண்டு. புற்றுநோய் ஆய்வு இதழ்களின் பட்டியலில் மேலே ஏற வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் மேற்கோள்களைத் தயாரித்தாக வேண்டும். தத்துவத்திலோ எல்லோருக்கும் எண் சின்னது. நல்ல இதழ்களே சில புள்ளிகளில் நிற்கிற இடத்தில், ஐம்பது கட்டுரைகள் கூடிப் பேசி மொய் வைத்தால் வரிசையே புரண்டுவிடும்.

ஏன் சின்னது? தத்துவக்காரர்கள் ஒருவரையொருவர் படிப்பதில்லை என்பதாலா? துறைக்கு வெளியே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அளவுகோல் வந்த வழியைப் பார்த்தால் காரணம் வேறு என்று புரியும். யூஜின் கார்ஃபீல்டு 1955ல் ‘சயின்ஸ்’ இதழில் மேற்கோள் அட்டவணை பற்றி, அதாவது எந்தக் கட்டுரையை எவை குறிப்பிட்டன என்று காட்டும் பட்டியல் பற்றி எழுதினார். 1964ல் பிலடெல்ஃபியாவிலிருந்து அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. அதன் வழியில் வந்ததுதான் இம்பாக்ட் ஃபாக்டர். எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று எங்களைப் போன்ற நூலகர்கள் முடிவெடுக்க உதவிய கருவி அது. ஒரு தனி ஆளின் கட்டுரையை எடைபோட அதை எடுத்துக்கொண்டது பிறகு நடந்தது. கணக்கு இப்படி: 2024க்கான எண் வேண்டுமென்றால், 2022, 2023 இரண்டு வருடங்களில் அந்த இதழில் வந்தவற்றுக்கு 2024ல் எத்தனை மேற்கோள் கிடைத்தது என்று எண்ணி, அந்த இரண்டு வருடக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

உயிர்வேதியியலுக்கு இரண்டு வருடம் தாராளம். தத்துவத்தில் ஒருவர் கட்டுரையைப் படித்து, அதோடு மல்லுக்கட்டி, பதில் எழுதி, அந்தப் பதில் ரிவ்யூவில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கிடந்து, திருத்தி, மறுபடி அனுப்பி அச்சேறுவதற்குள் கணக்கு மூடியிருக்கும்.

அந்த மாணவியிடம் ஒரு பென்சிலைக் கொடுத்தேன். அவர் மிகவும் மதிக்கிற ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலில், வெளிவந்த வருடத்துக்கு முந்தைய இரண்டு வருடங்களைச் சேர்ந்தவற்றுக்கு மட்டும் டிக் போடச் சொன்னேன். மூன்று பக்கப் பட்டியலில் நான்கு டிக் விழுந்தது. அந்த நான்கிலும் ஒன்று புத்தகம், அது இந்தக் கணக்கில் சேராது. 1950களுக்கும் 60களுக்கும் டிக் போட்டிருந்தால் பென்சிலைச் சீவ வேண்டியிருந்திருக்கும்.

சரி, அவருடைய தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ‘ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்’ 1934ல் தொடங்கிய இதழ், இந்தத் துறையின் தலைவாசல். அதில் 1953ல் ரிச்சர்ட் ரட்னர் ஒரு கட்டுரை எழுதினார். மொத்தமே ஆறு பக்கம். ஒரு கருதுகோளை ஏற்க எவ்வளவு ஆதாரம் போதும் என்பது, அது தவறாகப் போனால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது என்றார். ஒரு மருந்தில் நச்சுப்பொருள் உயிரைக் கொல்லும் அளவில் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் மிக உறுதியான ஆதாரம் தேவை. ஒரு தொகுதி பெல்ட் பக்கிள்களில் கோளாறு இல்லை என்று சொல்ல அவ்வளவு தேவையில்லை. ஆகவே விஞ்ஞானி, விஞ்ஞானி என்ற முறையிலேயே மதிப்பீடு செய்கிறார் என்பது அவர் வாதம். விஞ்ஞானி எதையும் ஏற்பதோ தள்ளுவதோ இல்லை, நிகழ்தகவைச் சொல்வதோடு அவர் வேலை முடிந்தது என்று 1956ல் ரிச்சர்ட் ஜெஃப்ரி அதே இதழில் மறுத்தார். அப்புறம் பல வருடங்களுக்குப் பெரிய சத்தமில்லை.

2000ல் ஹெதர் டக்ளஸ் அதே இதழில் அந்த விவாதத்தைத் திரும்ப எடுத்தார். டையாக்சின் என்ற நச்சு வேதிப்பொருள் கொடுக்கப்பட்ட எலிகளின் ஈரல் ஸ்லைடுகளைப் பார்த்த நிபுணர்கள் ஒரே மாதிரி எண்ணவில்லை. எது கட்டி, எது இல்லை என்று தீர்மானிக்கும் இடத்திலேயே தவறின் விலை உள்ளே வந்துவிடுகிறது என்று காட்டினார். இன்று ‘அறிவியலில் மதிப்பீடுகள்’ என்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது, பருவநிலை மாடல்கள், தடுப்பூசிக் கொள்கை வரை அது பேசுகிறது. அங்கே ரட்னரைக் குறிப்பிடாமல் யாரும் தொடங்குவதில்லை. அவருடைய ஆறு பக்கம் உண்மையில் நடமாடத் தொடங்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

டக்ளஸ் கட்டுரை வந்த அதே 67ஆம் தொகுதியின் முதல் கட்டுரை மேக்கமர், டார்டன், கிரேவர் மூவரும் எழுதிய ‘திங்கிங் அபவுட் மெக்கானிசம்ஸ்’. உயிரியல், நரம்பியல் விளக்கங்களை விதிகளைக் கொண்டு அல்ல, இயங்கமைப்புகளைக் கொண்டு புரிந்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு பெருகியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு. அந்த இதழில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் அது ஒன்று. இந்த இரண்டு கட்டுரைகளுக்கும் 2003 முதல் இன்றுவரை கிடைத்த ஒரு மேற்கோள்கூட அந்த இதழின் இம்பாக்ட் ஃபாக்டரில் ஏறவில்லை. கணக்கின் விதி அப்படி, யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டு பெரிய போக்குகளை ஒரே தொகுதியில் தொடங்கிவைத்த இதழைப் பார்த்து “இம்பாக்ட் கொஞ்சம் கம்மியா இருக்கே” என்று ஒரு கமிட்டி உதட்டைப் பிதுக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

புத்தகங்கள் இன்னொரு பெரிய ஓட்டை. கார்ஃபீல்டே 1987ல் ஒரு பட்டியல் போட்டார். 1976 முதல் 1983 வரை கலை, மானுடப் புலத் (ஹியூமானிட்டீஸ்) துறைக் கட்டுரைகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட 20ஆம் நூற்றாண்டு நூல்கள் எவை என்று. முதலிடம் தாமஸ் கூன் 1962ல் எழுதிய ‘தி ஸ்ட்ரக்சர் ஆஃப் சயின்டிஃபிக் ரெவல்யூஷன்ஸ்’. ஜேம்ஸ் ஜாய்ஸ் நாவலுக்கும் மேலே ஒரு அறிவியல் தத்துவப் புத்தகம்! இன்று கூகுள் ஸ்காலரில் அதன் மேற்கோள்கள் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கின்றன. இதழ்களின் எண் எதிலும் அது சேராது.

ஆனால் அந்த லட்சத்தைக் கண்டும் மயங்க வேண்டாம். மார்கரெட் மாஸ்டர்மன் அந்தப் புத்தகத்தில் ‘பாரடைம்’ (சிந்தனைச் சட்டகம்) என்ற சொல் 21 பொருள்களில் வருவதாக எண்ணிச் சொன்னார். மேலாண்மை, செவிலியர் கல்வி, மார்க்கெட்டிங் என்று எங்கே பார்த்தாலும் “பாரடைம் மாற்றம் (கூன், 1962)” என்று ஒரு அடைப்புக்குறி இருக்கும். அது பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையில் போடும் பிள்ளையார் சுழி மாதிரி. என்னிடம் வரும் ஆய்வேடுகளில் கூனைக் குறிப்பிட்டவர்களிடம் எந்தப் பக்கம் என்று கேட்பது என் பழக்கம். பதில் வருவது அபூர்வம்.

மேற்கோள் எண்ணாமலும் போக்கைப் பார்க்கலாம். மாண்ட்ரியலில் கிறிஸ்டோஃப் மலத்தேரும் உடன் பணிபுரிபவர்களும் ‘ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்’ இதழின் 1934 முதல் 2015 வரையிலான கட்டுரைகளின் முழு உரையையும் கணினிக்குக் கொடுத்து, எந்தச் சொற்கள் கூட்டமாகச் சேர்ந்து வருகின்றன என்று பார்த்தார்கள். தர்க்கம், மொழி சார்ந்த பழைய பேச்சுகள் மெல்ல ஒதுங்கி, உயிரியல் போன்ற தனித்தனி அறிவியல்களைப் பற்றிய பேச்சு பெருகியது தெரிந்தது. பின்பு எட்டு இதழ்களுக்கு அதை விரித்தார்கள். உங்கள் தலைப்பு எந்த இதழில் பேசப்படுகிறது என்று அறிய, சைட்ஸ்கோர் பட்டியலைவிட இந்த மாதிரி வேலை பத்து மடங்கு உபயோகம்.

பட்டியலின் பிரிவுகளும் ஏமாற்றும். ஸ்கோபஸ் மாதிரி இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸில் ‘அறிவியல் வரலாறும் தத்துவமும்’ ஒரே கூடை. ‘பப்ளிக் அண்டர்ஸ்டாண்டிங் ஆஃப் சயின்ஸ்’ மாதிரி சர்வே நடத்தும் இதழும் அதில்தான், குவாண்டம் அளவீட்டுச் சிக்கலை அலசும் இதழும் அதில்தான். மேற்கோள் பழக்கமே வேறான இரண்டை ஒரே வரிசையில் நிறுத்தி க்யூ ஒன் முதல் க்யூ ஃபோர் வரை கால்பங்குகளாகப் பிரித்தால் எது மேலே வரும் என்று சொல்லத் தேவையில்லை. இதில் இன்னொரு வேடிக்கை: கலை, மானுடப் புல மேற்கோள் அட்டவணையில் மட்டும் இருந்த தத்துவ இதழ்களுக்கு 2023 வரை இம்பாக்ட் ஃபாக்டரே கிடையாது.

இந்தியாவில் இப்போது இதைப் பேச வேண்டிய அவசியம் கூடியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 மே மாதம் தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. அடுத்து அதற்குப் பதிலாக கேர் லிஸ்ட் என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்திவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டது. பட்டியல் போனதும் துறைக் கமிட்டிகள் பதறிப்போய், கைக்கு எட்டிய எண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. ஸ்கோபஸ் இருக்கிறதா, க்யூ ஒன்னா, முடிந்தது.

அந்த மாணவியின் பட்டியலை அன்று மூலையில் வைத்துவிட்டு, அவருடைய ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களிலிருந்து தொடங்கினோம். அவர் எந்த இதழ்களிலிருந்து எத்தனை கட்டுரை எடுத்திருக்கிறார் என்று எண்ணினால், அவர் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பது தானாகத் தெரிந்தது. நான்கு பெயர்கள் மிஞ்சின. அவற்றில் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஃபார் தி ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்’ இதழின் கதவு மிகக் குறுகலானது, தெரிந்தே தட்டலாம் என்றேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஃபில்சை ஆர்க்கைவ் இணையதளத்தில் முன்பதிப்பை, அதாவது இதழில் வருவதற்கு முந்தைய வடிவத்தை, இலவசமாக ஏற்றி வைக்கலாம், இந்தத் துறைக்காரர்கள் உண்மையில் அங்கேதான் மேய்கிறார்கள் என்றும் சொன்னேன்.

கமிட்டிக்காக ஒரு பக்கக் குறிப்பும் தயாரித்தோம். இதழ் எந்த ஆண்டு தொடங்கியது, யார் நடத்துகிறார்கள், இந்தத் தலைப்பில் அங்கே வந்த முக்கியமான ஐந்து கட்டுரைகள் எவை, இரண்டு வருடக் கணக்கு இங்கே ஏன் பொருந்தாது என்று நான்கு சின்னப் பத்திகள். அவருடைய கைடுக்கு அது பிடித்துப்போய், துறையில் மற்ற மாணவர்களுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தார். கமிட்டியில் ஒரு பேராசிரியர் அதை முழுக்கப் படித்தாராம். “ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, “இது க்யூ ஒன்னா, இல்லையா?” என்று கேட்டாராம்.