சீமேனியில் எரியாத நிலக்கரி

கேரளத்தில் நிலக்கரியை எரிக்கும் பெரிய அனல் மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. காசர்கோடு மாவட்டத்துச் சீமேனியில் அமைக்கத் திட்டமிட்டிருந்த நிலையமும் மக்களின் எதிர்ப்புக்கிடையே கட்டப்படாமலே போயிற்று. முந்திரித் தோட்டங்களின் மேல் வானிலிருந்து தெளித்த எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியால் பல ஆண்டுகள் துன்புற்ற மாவட்டம் அது. இன்னொரு நஞ்சு புகைபோக்கி வழியே இறங்கிவிடுமோ என்று அங்குள்ளவர்கள் அஞ்சியதை மிகையென்று நான் கருதவில்லை.

அனல் நிலையத்தில் நிலக்கரியை மாவுபோல் பொடித்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள். அதில் எழும் உயரழுத்த நீராவி சுழலியைச் சுற்ற, சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. எரிந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மட்டும் மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, நீராவியைக் குளிர்விக்கும் தண்ணீரோடு போய்விடுகிறது. ஒரு யூனிட்டுக்கு இந்திய நிலக்கரி ஏறத்தாழ 700 கிராம் வேண்டும் என்று கொண்டால், 1000 மெகாவாட் நிலையம் முழுத்திறனில் ஓடும் நாளில் சுமார் 17,000 டன், அதாவது நான்கு சரக்கு ரயில்கள் கொள்ளும் நிலக்கரி, தீர்ந்துபோகும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே மிஞ்சும். யூனிட்டுக்கு 3 லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீருக்காக மூலத்தறைத் தடுப்பணையைப் பார்த்துக் காத்திருக்கும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து உழவர்களுக்கு இந்த அளவை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கொழிஞ்சாம்பாறையில் விளக்கு எரிகிறது. கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே பெறுகிறது. ஆகவே எரியும் இடம் மாறியதே தவிர, நிலக்கரி எரியாமல் இருந்துவிடவில்லை. சாம்பல் இப்போது வேறு ஊராரின் வயலருகே குவிகிறது.

நிலக்கரி வயல்கள் சூழ்ந்த சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் நிலையத்துக்கு 800 கிலோவோல்ட் நேர்மின் தடம், அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரத்தைக் கடத்தும் தடம், வருகிறது. அங்கிருந்து 320 கிலோவோல்ட்டில் 2000 மெகாவாட் கடத்தக்கூடிய இன்னொரு நேர்மின் தடம், பாலக்காட்டுக் கணவாய் வழியே திருச்சூரை அடுத்த மாடக்கத்தறைக்குப் போகிறது. இது 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது. கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மின்னழுத்தத்தை இரட்டித்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகி, இழப்பு கால் பங்காகக் குறைகிறது.

வடக்கஞ்சேரியில் இந்தத் தடம் கோபுரங்களை விட்டு நிலத்தடிக் கேபிளாக மாறுகிறது. வீடுகள் நெருங்கிய பகுதியில் கோபுரத்துக்கு இடம் கிடைப்பது அரிது. கேபிளின் உலோக உட்கம்பியும் வெளியுறையும் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு மின்தேக்கிபோல் அமைந்திருப்பதால், திசை மாறி மாறிப் பாயும் மாறுமின்சாரம் ஒவ்வொரு நொடியும் பலமுறை அதை நிரப்பியும் வெறுமையாக்கியும் தன் கொள்ளளவை வீணடிக்கும். நேர்மின்சாரமோ ஒருமுறை நிரப்பியதும் முழுவதுமாக முன்னே பாய்கிறது. இரு முனைகளிலும் உள்ள குறைகடத்தி மாற்றிகள், நேர், எதிர் முனைகளை மாற்றாமலே பாயும் திசையை எதிராகத் திருப்ப வல்லவை. கேரளத்து அணைகள் நிரம்பும் ஆடியில் மின்சாரம் மேற்கிலிருந்து கிழக்கே வருவதற்கும் அதே கம்பி போதும்.