ஆறு மாதத்தில் பிள்ளை ஏன் வெளிறுகிறது?

“டொக்டர், பிறக்கேக்க நல்ல சிவப்பாத்தானே இருந்தவன்?” வெள்ளவத்தையில் என்னிடம் வரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை உள்ள பிள்ளைகளின் அம்மம்மாமார் வழக்கமாகக் கேட்பது இது. பிறகு கண்ணூறு, தடுப்பூசி என்று காரணம் தேடுவார்கள். கடைசியில் பழி தாய்ப்பாலில் வந்து நிற்கும். பக்கத்தில் பிள்ளையின் தாய் தலைகுனிந்து இருப்பார். எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பிறந்தபோது சிவப்பாக இருந்தது உண்மைதான். உடம்பை உருவாக்கும் கட்டளைகள் எல்லாம் கருவிலேயே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் நேரம் வரும்போதுதான் வேலையைத் தொடங்கும். வயிற்றில் இருக்கும்போது, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைச் செய்ய காமா என்ற பரம்பரை அலகு உதவுகிறது. தாயின் இரத்தத்திலிருந்து ஒட்சிசனை இழுத்தெடுப்பதில் அந்த ஈமோகுளோபின் கெட்டிக்காரன். பிறந்தபின் காமா மெல்ல ஓய, 11ஆம் நிறமூர்த்தத்தில் அதற்கு அருகிலேயே உள்ள பீற்றா பொறுப்பெடுக்க வேண்டும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பீற்றா வந்திருந்தால், அதுவரை ஒளிந்திருந்த குறை அப்போதுதான் வெளியே தெரியும். பாலில் ஒரு குற்றமும் இல்லை.

கவனிக்காமல் விட்டால், எலும்புக்குள் இரத்தம் உண்டாகும் இடமான என்புமச்சை எப்படியாவது இரத்தம் செய்யப் பார்த்து வீங்கும். நெற்றியும் கன்ன எலும்பும் புடைக்கும், மண்ணீரல் பெருக்கும், உயரம் நின்றுவிடும். மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை இரத்தம் ஏற்றி, உடம்பில் சேரும் இரும்பை மருந்தால் அகற்றி வந்தால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம்.

இப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர் இருவரும் காவிகள், அதாவது ஒரு பழுதான பீற்றாவைச் சுமப்பவர்கள். ஒரு நல்ல பீற்றா இருப்பதால் சுகமாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 வீதம். மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கு சரிவராது. மச்சான் மச்சாள் கல்யாணத்தில் இருவருக்கும் ஒரே பழுது ஒரே பாட்டனிடமிருந்து வந்திருக்கக்கூடும்.

உங்கள் பழைய இரத்த ரிப்போட்டை எடுத்துப் பாருங்கள். சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 80இற்குக் கீழே, அதிலுள்ள ஈமோகுளோபின் அளவைக் காட்டும் எம்.சி.எச். 27இற்குக் கீழே இருக்கிறதா? இரும்புக் குளிசை மாதக்கணக்கில் போட்டும் இவை ஏறவில்லையா? உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி.யும் செய்ய வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் தாங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

இலங்கைச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். ஆகவே கர்ப்பமான பிறகு தெரிந்து என்ன செய்வது? கல்யாணம் பேசும்போதே இருவரும் சோதியுங்கள். ஒருவர் காவி என்றால் கல்யாணத்துக்குத் தடையில்லை. மற்றவரின் ரிப்போட் வரும்வரை மட்டும் பொறுங்கள். அப்புறம், காவியின் கூடப்பிறந்தவர்களையும் சோதனைக்கு அனுப்புங்கள்.