கான்கிளேவ்: சாவிக்கு உறவான சொல்

போப்பாண்டவர் இறந்தாலோ பதவி விலகினாலோ, கத்தோலிக்கத் திருச்சபையின் மூத்த குருக்களான கர்தினால்கள் கூடி அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் அவைக்குக் கான்கிளேவ் என்று பெயர். லத்தீனில் 'கும்' என்றால் உடன். 'கிளாவிஸ்' என்றால் சாவி. இரண்டும் சேர்ந்த சொல்லுக்குப் பொருள், பூட்டி வைக்கத்தக்க அறை. அந்தக் கிளாவிஸ்தான் போர்த்துக்கீசியர் வாயில் 'ஷாவி' ஆகி நம்மிடம் வந்து சாவி ஆயிற்று. ஆக, சொல்லின் பாதி ஏற்கெனவே நம் இடுப்பில்தான் தொங்குகிறது.

அறையின் பெயர் அவைக்கு ஏறியது 13ஆம் நூற்றாண்டில். 1268இல் போப் நான்காம் கிளமென்ட் இறந்தபின், இத்தாலியின் விதெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறக்குறைய 3 ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். பொறுமையிழந்த ஊரார் அவர்களை மாளிகைக்குள் வைத்துப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கூரையையும் பிரித்தார்கள். அப்படித் தேர்வான பத்தாம் கிரகோரி, 1274இல் பூட்டுவதையே சட்டமாக்கிவிட்டார்.

பூட்டு வெறும் சடங்கல்ல என்பதற்கு 1914ஐப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் மூண்ட சில வாரங்களில், ஆகஸ்ட் 20 அன்று, போப் பத்தாம் பயஸ் காலமானார். ஜெர்மன் படை பிரஸ்ஸல்ஸுக்குள் நுழைந்ததும் அன்றுதான். பெல்ஜியத்தின் கர்தினால் மெர்சியே ரோமில் இருக்கும்போதே, அவருடைய மறைமாவட்டத்து லூவன் பல்கலைக்கழக நூலகம் தீக்கிரையானது. அவரும் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாட்டுக் கர்தினால்களும் ஒரே கூரையின் கீழ் அடைபட்டார்கள். 1903 தேர்தலில் ஆஸ்திரியப் பேரரசர் ஒரு கர்தினால் மூலம், முன்னணியில் இருந்த கர்தினால் ரம்பொல்லா போப் ஆகாமல் தடுத்திருந்தார். அந்தத் தடையுரிமையை மறு ஆண்டே ஒழித்தவர் பயஸ். ஆகவே இம்முறை எந்த அரசருக்கும் உள்ளே குரல் இல்லை.

செப்டம்பர் 3 அன்று, பத்தாவது சுற்றில், ஜாக்கொமோ தெல்லா கியேசா தேர்வானார். அவர் கர்தினாலாகி 4 மாதம்கூட ஆகவில்லை. வாக்களித்தவர்கள் 57 பேர், வேண்டியது 38, கிடைத்ததும் சரியாக 38. தனக்குத்தானே வாக்களித்துக்கொண்டாரா என்று அவருடைய சீட்டைப் பிரித்துப் பார்த்த பிறகே முடிவை ஏற்றார்கள். பதினைந்தாம் பெனடிக்ட் என்று பெயர் சூடிய அவர், 1917இல் அந்தப் போரைப் 'பயனற்ற படுகொலை' என்றார். நாடுகளின் பகை கதவுக்கு வெளியே நின்றதால்தான் அப்படியொருவர் வர முடிந்தது என்பது என் எண்ணம்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'இரகசியக் கூட்டம்' என்றால் சதி வாடை அடிக்கிறது. 'திருத்தந்தைத் தேர்தல்' பிழையில்லை, ஆனால் பூட்டு போய்விடுகிறது. 'பூட்டறைத் தேர்தல்' என்பதே பொருத்தம். "கர்தினால்கள் பூட்டறைக்குள் சென்றனர்" என்று செய்தியிலும் இயல்பாக எழுதலாம். ஓட்டல் அரங்குகளில் நடக்கும் கல்வி கான்கிளேவ், தொழில் கான்கிளேவ் எல்லாவற்றுக்கும் மாநாடு என்ற சொல்லே போதும். அங்கே யாரையும் பூட்டுவதில்லை.